இவர் இல்லாமலும் ஓடும்

பிப்ரவரி 3

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் போனில் என் நம்பரைத் தடுத்து வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. தபால்காரரைத் தடுக்க உன்னால் முடியாது என்பதால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

நேற்று உன் கல்லூரியிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. உனக்கும் எனக்கும் ஒரே நாளில் எம்.பி.ஏ. இடம் கிடைத்ததே, அதில் என் இடத்தை நான் இரண்டு முறை தள்ளிப்போட்டுவிட்டேன். மூன்றாம் முறை கிடையாதாம். ஜூன் பதினைந்துக்குள் மேலதிகாரி புதிதாகக் கையெழுத்துப் போட்ட பரிந்துரைக் கடிதத்தோடு போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் இடம் போயே போச்சு. எனக்கு முப்பத்தாறு முடியப்போகிறது. மறுபடி நுழைவுத் தேர்வுக்கு உட்கார்ந்து வட்டம் நிரப்ப எனக்குப் பொறுமை கிடையாது.

இந்த நேரம் பார்த்து நம் 'பார்க்கலாம் சார்' மே கடைசியில் ஓய்வு பெறுகிறார். எதைக் கேட்டாலும் 'பார்க்கலாம்' என்பவர், போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "இந்த நாற்காலி உனக்குத்தாம்மா, நீ மட்டும் எங்கயும் போயிடாதே"ன்னார். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவின் மேலாளர் நாற்காலி! பதிமூன்று வருடமாக அந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன். உட்காரச் சொன்னால் கால் தானாக மடங்குகிறது.

உன் அண்ணனைக் கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார். அவர் தொழில் உனக்குத் தெரியுமே. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, ஓட்டுகிறவரை "நீங்களே ஓட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே பிரேக்கை மிதிப்பவர்.

நீ உள்ளே இருக்கிறாய். உண்மையைச் சொல். போகவா, வேண்டாமா?

வாசல்வரைகூட வந்து சொல்லிக்கொள்ளாமல் நீ ஊரை விட்டுப் போன கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. அது வேறு கணக்கு.

அண்ணி

பிப்ரவரி 16

அண்ணி,

படித்துவிட்டேன். கிழிக்கவில்லை. அதற்காகச் சமாதானம் ஆகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

சேர்ந்து போவோம் என்று நுழைவுத் தேர்வுக்கு ஒரே புத்தகத்தைக் கிழித்துப் பாதிப் பாதியாக வைத்துப் படித்தோம். ரயிலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, "நீ முன்னால போ, நான் அடுத்த வருஷம் வர்றேன்" என்றீர்கள். பதவி உயர்வு கிடைத்துவிட்டது என்றீர்கள். சரி, அந்தக் கோபம் ஒரு மாதத்தில் ஆறியிருக்கும்.

ஆறாதது வேறு. இங்கே சேர்ந்த முதல் வாரம் ஒரு படிவம் திருத்த அலுவலகத்துக்குப் போனேன். என் கோப்பைத் திறந்து வைத்திருந்தார்கள். பார்க்கலாம் சார் கையெழுத்துப் போட்ட பரிந்துரைக் கடிதம். அதில் ஒரு வரி: 'இவர் விலகினாலும் பிரிவின் வேலை எவ்விதத்திலும் தடைபடாது.'

அவர் தன் பிறந்தநாள் வாழ்த்துக்கு நன்றிகூட உங்களைவிட்டுத்தான் எழுதச் சொல்வார். அந்த 'எவ்விதத்திலும்' யாருடையது என்று எனக்குத் தெரியாதா? மூன்று வருடம் அழுக்குப் பக்கம் நின்றேன், அண்ணி. ரத்தமும் மருந்துமாக வரும் மூட்டைகளைக் கையால் பிரித்தேன். முதல் மாதம் சோற்றில் கை வைக்க முடியாமல் கரண்டியால் சாப்பிட்டேன். அதற்கு என் சொந்த அண்ணி கொடுத்த சான்றிதழ், இவள் இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான்.

போகவா வேண்டாமா என்று என்னைக் கேட்காதீர்கள். இருந்தாலும் போனாலும் ஒன்றான ஆளிடம் என்ன யோசனை?

நாத்தனார்

பிப்ரவரி 25

அடி பைத்தியமே,

ஒன்றரை வருடமாக இதையா மனசில் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தாய்? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

ஆமாம், நான்தான் எழுதினேன். இரண்டு கடிதத்தையும் ஒரே மதிய இடைவேளையில் மடிப்பு மேசையில் வைத்து எழுதினேன். "நீயே எழுதி எடுத்துட்டு வாம்மா, கையெழுத்துதானே" என்று சொல்லிவிட்டார் சார். உன் கடிதத்தை முதலில் எழுதினேன். அவரைப் பற்றி எனக்குத் தெரியும். உன்னை ஒரு வரி தூக்கிப் புகழ்ந்தால் போதும், 'நல்ல ஆளாச்சே, பார்க்கலாம்' என்று உள்ளே வைத்துவிடுவார். அதனால்தான் வேண்டுமென்றே அந்த வரியைப் போட்டேன். படித்த உடனே, "அப்ப பிரச்சினை இல்ல" என்று கையெழுத்துப் போட்டார். உன்னை வெளியே அனுப்பிய வரி அது.

அடுத்து என் கடிதம். இங்கேதான் மாட்டினேன். பிரிவு தினமும் எத்தனை வார்டுக்கு விரிப்பு அனுப்புகிறது, எந்த மெஷின் எப்போது மக்கர் பண்ணும், யார் யாரோடு வேலை செய்ய மாட்டார்கள், எல்லாவற்றையும் இவர்தான் பார்க்கிறார் என்று எழுதிக்கொண்டே போனேன். எழுத எழுத நன்றாக இருந்தது. யாரும் சொல்லாததை நானே சொல்லிக்கொண்டேன். சார் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "இவ்வளவையும் நீதான் பாக்குறியா? எனக்குத் தெரியவே தெரியாதேம்மா! அப்ப உன்னை எப்படி விடறது?" கடிதம் அவர் மேசை இழுப்பறைக்குள் போயிற்று. அடுத்த நாள் துணை மேலாளர் பதவி வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் பேனாவால் கெட்டேன்.

இந்த வெட்கக்கேட்டை உன்னிடம் எப்படிச் சொல்வது? பதவி உயர்வு என்று மட்டும் சொன்னேன். இரண்டாம் வருடம் கேட்டபோது புது மெஷின் வருகிறது, பொருத்தும்வரை இரு என்றார். பொருத்தியும் ஆயிற்று, அது பழைய மெஷினாகவும் ஆகிவிட்டது.

கடிதத்தை மாற்றி எழுதியிருக்கலாமே என்பாய். முயன்றேன். 'இவர் விலகினாலும் வேலை தடைபடாது' என்று உன்னைப் பற்றி எழுத ஒரு நிமிடம் ஆயிற்று. என்னைப் பற்றி எழுத என் கை வரவில்லை. அது பொய் என்றா, உண்மையாகிவிடுமோ என்றா, எனக்கே தெரியவில்லை.

உன் மனது நோகும் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அது என் தப்பு. மன்னித்துவிடு.

அண்ணி

மார்ச் 12

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை வராண்டாவில் நின்று படித்தேன். சிரித்தேனா அழுதேனா என்று என் அறைத்தோழி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் கடிதமே எழுதுங்கள். போனில் என்றால் ஐந்தாவது நிமிடம் நாம் கத்த ஆரம்பித்துவிடுவோம்.

நீங்கள் மனம்விட்டுச் சொன்னதால் நானும் ஒன்றைச் சொல்கிறேன். வார்டுகளில் விரிப்பைப் பதுக்கிய கதை ஞாபகம் இருக்கிறதா? பற்றாக்குறை வரும் என்று ஒவ்வொரு வார்டும் அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைக்கும். ஒளித்து வைப்பதாலேயே பற்றாக்குறை வரும். எல்லோரும் சுற்றறிக்கை விடச் சொன்னபோது, நீங்கள் ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு தள்ளுவண்டி விரிப்பைக் கூடுதலாக அனுப்பி, ஒரு வாரம் அங்கேயே நிறுத்தினீர்கள். அடுத்த வாரம் ஒளித்து வைத்ததெல்லாம் தானாகத் திரும்பி வந்தது. அந்தக் கதையை இங்கே வகுப்பில் நான் செய்ததாகச் சொன்னேன். கைதட்டினார்கள். என் பட்டப்பெயரே 'போர்வை' ஆகிவிட்டது.

பேராசிரியர் மட்டும் கைதட்டவில்லை. "ஏற்கெனவே பற்றாக்குறைன்னு சொன்னீங்க. கூடுதல் விரிப்பு எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை அண்ணி. "செஞ்சவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். அந்த ஒரு வாக்கியத்தை நான் ஒன்றரை வருடமாகச் சுமக்கிறேன்.

அதனால் உண்மையைச் சொல்கிறேன். நான் சீக்கிரம் வந்துவிட்டேன். மூன்று வருட அனுபவம் முதல் மூன்று மாதத்திலேயே தீர்ந்துவிட்டது. மீதி நாளெல்லாம் உங்கள் அனுபவத்தைக் கடன் வாங்கித்தான் ஓட்டுகிறேன். பாடம் நல்ல பாடம்தான். ஆனால் ஆணி அடிக்கச் சுவர் வேண்டுமே. உங்களிடம் சுவர் இருக்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். எதற்காகப் படிக்க வேண்டும் உங்களுக்கு? பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்துக்காக என்றால் வராதீர்கள்.

வருவதென்றால், முதலில் பத்து நாள் லீவு போடுங்கள். நான்கு வருடமாக ஒரு நாளும் போடவில்லை, அண்ணன் சொல்லியிருக்கிறார். போனை எடுக்கக் கூடாது. அந்த வரியை உங்களைப் பற்றி எழுதக் கை வருகிறதா என்று பார்ப்போம்.

நாத்தனார்

ஏப்ரல் 4

அன்புள்ள போர்வைக்கு,

திருட்டுக் கழுதை! என் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்கினாயா? வந்து பேசிக்கொள்கிறேன்.

எதற்கு என்று கேட்டாய். போன மழைக்காலத்தில் மேலே ஒரு கூட்டம் போட்டார்கள். சலவைப் பிரிவை மூடிவிட்டு வெளி ஆளிடம் கொடுத்துவிடலாமா என்று. சார் என்னையும் அழைத்துப் போனார். வெளி ஆளிடம் கொடுத்தால் திடீரென்று விபத்துக் கேஸ் குவியும் நாளில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சொன்னேன். பத்து நிமிடம் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர்கூடக் குறிப்பு எடுக்கவில்லை. எனக்குப் பின்னால் ஒருவர் எழுந்து, சலவை மெஷினைக் கண்ணால் பார்த்திராதவர், நான்கு கட்டம் போட்ட ஒரு படத்தைக் காட்டினார். எல்லோரும் அதை எழுதிக்கொண்டார்கள். முடிவு இன்னும் எடுக்கவில்லை. மறுபடி அந்தக் கூட்டம் வரும். அப்போது நான் சொல்வதை அவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் படிப்பு. நாற்காலியில் உட்கார்ந்தால் கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். தலையாட்டி அனுப்புவதற்கு நாற்காலி எதற்கு?

லீவு போட்டேன். முதல் நாள் வீட்டில் இருந்த எல்லா விரிப்பையும் துவைத்து மடித்துவிட்டேன். இரண்டாம் நாள் உன் அண்ணன், "ஏம்மா, திரைச்சீலையையாவது விட்டு வை" என்று கும்பிட்டார். மூன்றாம் நாள் காய்கறி வாங்கப் போகிற சாக்கில் ஆஸ்பத்திரிப் பின்பக்கத் தெருவுக்குப் போய்ச் சுவரோரம் நின்றேன். மெஷின் சத்தம் சீராகக் கேட்டது. இரண்டாவது மெஷின் சுற்றும்போது வரும் அந்தக் கடகட சத்தம் மட்டும் இல்லை. யாரோ சரிசெய்திருக்கிறார்கள். நான் நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

பத்தாம் நாள் முடிந்து போனேன். ஒரு வார்டுக்கும் விரிப்பு குறையவில்லை. தள்ளுவண்டிகளைக் கதவுப் பக்கம் திருப்பி நிறுத்தியிருந்தார்கள், அது நான் நிறுத்துவதைவிட வசதி. மடிப்பு மேசைக்காரம்மா, "நீங்க இருந்தா உங்களைக் கேட்டுத்தான் செய்யணும்னு இருப்போம். இல்லாததால நாங்களே செஞ்சோம்" என்றார். பெருமையா வருத்தமா என்று கேட்காதே. வருத்தம்தான் அதிகம். சுத்தப் பக்கக் கழிவறையில் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

முகத்தைத் துடைக்கும்போதே முடிவு பண்ணிவிட்டேன். போகிறேன்.

சாரிடம் பரிந்துரை கேட்டேன். "எழுதி எடுத்துட்டு வா, பார்க்கலாம்" என்றார். நான்கு தடவை எழுதினேன். பத்து நாள் கண்ணால் பார்த்த பிறகும் அந்த வரியில் வந்து பேனா நிற்கிறது.

இன்னொன்று. மேலாளர் பதவிக்கு நேர்காணலுக்குக் கூப்பிடும் பட்டியலில் உன் பெயர் இருப்பதாக அலுவலக உதவியாளர் காதில் போட்டார். வேறு யாரோவாக இருக்கும் என்றேன். வேறு யாரோதானே?

அண்ணி

ஏப்ரல் 15

அண்ணி,

நான்தான்.

ஜனவரியிலேயே விண்ணப்பித்துவிட்டேன். உங்கள் முதல் கடிதம் வருவதற்கு முன்னால். அப்போது உங்கள் மேல் கோபத்தில் இருந்தேன். இருந்தாலும் ஒன்றுதான் என்று எழுதிய இடத்திலேயே போய் உட்கார்ந்து காட்டுகிறேன் என்ற வீம்பு. அதற்குப் பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் சொல்ல நினைத்தேன். முழுங்கிவிட்டேன். உங்களுக்கு வெட்கம் வந்து சொல்லாமல் விட்டீர்களே, அதே வியாதி எனக்கும்.

நீங்கள் எதிர்பார்ப்பது தெரியும். 'மன்னிச்சிடுங்க அண்ணி, விலகிக்கிறேன்' என்று எழுத வேண்டும். இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். நான் விலகினால் அந்த நாற்காலி காலியாக இருக்கும். காலியாக இருந்தால் நீங்கள் உட்கார்ந்துவிடுவீர்கள். முதலில் பதவி உயர்வு, பிறகு மெஷின், இப்போது நாற்காலி. உங்களைப் போக விடாமல் பிடிக்க அவர்களுக்கு எப்போதும் ஏதாவது ஒன்று கையில் இருக்கிறது.

அதனால் விலக மாட்டேன். கோபப்படுங்கள், திட்டுங்கள், என் நம்பரைத் தடுத்து வையுங்கள். நேர்காணல் இருபத்தெட்டாம் தேதி. போகிறேன். எனக்கும் அந்த வேலை வேண்டும், அதையும் மறைக்கவில்லை. அந்தப் பிரிவை மூட விடக் கூடாது என்று உங்களுக்கு மட்டும்தான் இருக்கிறதா?

நாத்தனார்

மே 6

நாத்தனாரே,

நான்கு நாள் உன் பேச்சையே எடுக்கவில்லை. உன் அண்ணன் பயந்துபோய், "ரெண்டு பேரும் என்னை நடுவுல வச்சு அரைக்காதீங்க, நான் யார் பக்கமும் இல்லை" என்று தானாகவே வந்து சொன்னார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

கோபம் வந்தது உண்மை. பதிமூன்று வருடம் நின்றவள் நான் இருக்க, மூன்று வருடம் நின்றவளையும் பட்டியலில் போட்டார்களே என்று வயிறு எரிந்தது. உன்மேல் எரிந்ததா அவர்கள்மேல் எரிந்ததா என்று பிரித்துப் பார்க்க நான்கு நாள் ஆயிற்று. அழுக்குப் பக்கம் நின்று பழக்கம் இருப்பதால் பிரித்துவிட்டேன்.

நீ சொன்னது சரி. நாற்காலி காலியாக இருந்திருந்தால் உட்கார்ந்திருப்பேன். நேற்று சாரிடம் போய், "எனக்கு நாற்காலி வேணாம் சார், கையெழுத்துதான் வேணும்" என்றேன். ஆடிப்போய்விட்டார். பிறகு தன் பழக்கப்படி, "பார்க்கலாம்" என்றார். முப்பத்தொன்றாம் தேதி அவருக்கு மாலை போட்டு அனுப்பப்போகிறார்களாம். அன்றுவரை பார்த்துக்கொண்டேதான் இருப்பார். அவர் போன பிறகு கையெழுத்துப் போட அந்த நாற்காலியில் ஆள் வேண்டும். யார் என்று இன்று காலை தெரிந்தது. வாழ்த்துகள்டி. மனசாரத்தான் சொல்கிறேன்.

முதல் நாள் அறையில் போய் உட்காராதே. அழுக்குப் பக்கம் போய் நில். மடிப்பு மேசைக்காரம்மாவிடம் யோசனை கேள், உத்தரவு போடாதே. தள்ளுவண்டியைத் திருப்பியபடியே விடு.

உன் அண்ணன் நேற்று மகளுக்குத் தலை பின்னிப் பழகினார். கோணல்மாணலாக இருந்தது. அவள், "அம்மா, ரெண்டு வருஷத்துல நேராயிடும்" என்றாள். எட்டு வயதுக்கு வாயைப் பார். நீ போட்ட தூபமா? இந்த முறை அவர் பிரேக்கில் கால் வைக்கவில்லை.

ஆங், கூடுதல் விரிப்பு. கிழிந்ததென்று ஒதுக்கி மூலையில் கட்டிப்போட்டிருந்த மூட்டைகள். தையல்காரரை வைத்து ஓரம் தைத்து அனுப்பினேன். யாரையும் கேட்கவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. இதை நீ உன் பேராசிரியரிடம் போய்ச் சொல்லாதே. நானே நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணி

ஜூன் 4

அன்புள்ள அண்ணிக்கு,

ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு கடிதமா என்று கேட்காதீர்கள். நீங்கள் சொன்னபடி மூன்று நாளாக அழுக்குப் பக்கம் நிற்கிறேன். நீங்கள் சுத்தப் பக்கம். நடுவில் சுவர். குளித்து உடை மாற்றாமல் தாண்டக் கூடாது என்ற சட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். வீட்டில் கொடுக்கலாம்தான். கொடுத்தால் உடனே பேனாவை எடுத்துத் திருத்த உட்கார்ந்துவிடுவீர்கள்.

அதனால் கையுறையைக் கழற்றி, கைகழுவி, சார் அறையில், இல்லை, என் அறையில் உட்கார்ந்து நானே எழுதினேன். சொந்தக்காரருக்குப் பரிந்துரை எழுதலாமா என்று மேலே கேட்டேன். உறவை மறைக்காமல் எழுதினால் சரி என்றார்கள். இரண்டு பிரதி. ஒன்று கல்லூரிக்கு இன்று காலையே தபாலில் போய்விட்டது. மற்றது இது, படிக்க மட்டும்.

ஒன்றும் சொல்லாமல் ரயிலேற நான் விடமாட்டேன். வாசல்வரை வருவேன்.

நாத்தனார்

(இணைப்பு)

ஜூன் 4

சேர்க்கைப் பிரிவுக்கு,

இக்கடிதம் எங்கள் சலவைப் பிரிவின் துணை மேலாளர் பற்றியது. இவர் என் அண்ணி. என் மேலதிகாரியாகவும் இருந்தவர். இதை மறைக்க விரும்பவில்லை.

உங்கள் வகுப்பில் விரிப்புப் பதுக்கலைப் பற்றி ஒரு மாணவி தன் சாதனையாகச் சொன்னது சிலருக்கு நினைவிருக்கலாம். அந்த மாணவி நான். அதைச் செய்தவர் இவர். அன்று என்னால் பதில் சொல்ல முடியாத கேள்வியை இவரிடம் கேட்கவும்.

இரண்டு ஆண்டுகளாக இவரை இங்கிருந்து அனுப்ப முடியாமல் போனதற்கு ஒரே காரணம், இவர் இல்லாமல் பிரிவு ஓடாது என்று எல்லோரும் நம்பியது. இவரும் நம்பினார். கடந்த மார்ச் மாதம் பத்து நாள் விடுப்பில் அது சோதித்துப் பார்க்கப்பட்டது.

இவர் இல்லாமலும் இந்தப் பிரிவு ஓடும். அப்படி ஓடும்படி செய்து வைத்தவர் இவர்.

மேலாளர்,
சலவைப் பிரிவு